ஏரியில் பல நாள் பயணம்: கயாக்கிலும் கேனோவிலும் முதன்முறையாகப் புறப்படுவோருக்கு

துடுப்பால் வலிக்கும் சிறு படகுகளான கயாக்கிலோ கேனோவிலோ ஏறி, இரவில் கரையோரம் கூடாரம் அடித்துத் தங்கி, இரண்டு மூன்று நாள் ஓர் ஏரியைச் சுற்றிவர விரும்புவோர் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து மொத்தத் தொலைவை அளந்து, அதை நாள்களின் எண்ணிக்கையால் வகுத்துத் திட்டம் போடுகிறார்கள். நடைப்பயணத்துக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும்; ஏரிக்கு ஒத்துவராது. ஏரியில் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் கையின் வலிமையைவிடக் காற்றே தீர்மானிக்கிறது. காற்றில்லாத காலையில் சுமையேற்றிய படகில் மணிக்கு 4 கிலோமீட்டர் போகிற ஒருவர், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசும்போது அதில் பாதித் தூரத்தைக் கடக்கவே திணறுவார். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகின்மீது செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது என்பதே காரணம். ஆகவே கீழே சொல்லப்படும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை, காற்று எழும் நேரத்தில் நீரில் இல்லாமல் கரையில் இருப்பதற்கு வழி செய்துகொள்வதைப் பற்றியவை.

ஏரியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் பயணத்துக்கு இரண்டு இரவும் மூன்று பகலும் போதும். பரந்து விரிந்த ஒரே நீர்ப்பரப்பாக இருக்கும் ஏரியைவிட, தீவுகளும் நீண்ட கிளைகளும் உள்வாங்கிய கரைகளும் உள்ள ஏரியே புதியவர்களுக்கு ஏற்றது. காற்று தடையில்லாமல் நீரின்மேல் எவ்வளவு நீளம் ஓடி வருகிறதோ அந்த அளவுக்கு அலை உயரும். ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள கிளையில் சிற்றலையை மட்டுமே எழுப்பும் அதே காற்று, 10 கிலோமீட்டர் திறந்த பரப்பின் மறுமுனையில் கேனோவுக்குள் நீர் தெறிக்கும் அலையை எழுப்பிவிடும். ஏரி அலைகள் கடல் அலைகளைப் போல நீண்டு புரள்வதில்லை. குட்டையாகவும் செங்குத்தாகவும் ஒன்றையொன்று நெருக்கியும் வருவதால், ஓர் அலையிலிருந்து படகு நிமிர்வதற்குள் அடுத்தது வந்து மோதுகிறது. அந்தப் பருவத்தில் காற்று வழக்கமாக எந்தத் திசையிலிருந்து வீசும் என்பதைக் கேட்டறிந்து, வரைபடத்தில் அந்தத் திசைக்கு நேராக நீளும் திறந்த பரப்புகளை முதலில் குறித்துவிடுங்கள். உங்கள் வழி அவற்றைத் தவிர்த்தோ, குறுகலான இடத்தில் கடந்தோ போகட்டும்.

அடுத்ததாக, இறங்கக்கூடிய இடங்களைக் குறிக்க வேண்டும். வரைபடத்தில் கரை என்று தெரிவதெல்லாம் கால் வைக்கக்கூடிய கரையாக இருப்பதில்லை. செங்குத்துப் பாறை, ஆழமான சேறு, அடர்ந்த கோரை, தனியார் நிலம் ஆகியவை கிலோமீட்டர் கணக்கில் நீளக்கூடும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு முறையாவது படகை ஏற்ற ஓர் இடம் இருக்கும்படி வழியை அமைத்துக்கொள்ளுங்கள். அவ்வாறு இடமில்லாத நீட்டிப்பை மிகவும் அமைதியான நேரத்துக்கு ஒதுக்குங்கள். சாலை கரையைத் தொடும் இடங்களையும் தனி நிறத்தில் குறித்து வையுங்கள், ஏனெனில் யாருக்கேனும் காயம் பட்டால் பயணத்தைப் பாதியில் முடிக்க உதவுபவை அவைதான். தங்க அனுமதி தேவையா, எந்தெந்த இடங்களில் கூடாரம் அடிக்கலாம், நெருப்பு மூட்டத் தடை உண்டா, விசைப்படகுகள் செல்லும் தடம் எது என்பவற்றை ஏரியை நிர்வகிக்கும் அலுவலகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. அணையால் உருவான நீர்த்தேக்கமாக இருந்தால், நீர்மட்டம் இரவோடிரவாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தொலைவைக் கணக்கிடும்போது ஓய்வு, படம் எடுப்பது, வழி பார்ப்பது எல்லாவற்றையும் சேர்த்து மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். புதியவர்களுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் போதுமானது. ஒன்றுக்கு ஐம்பதாயிரம் என்ற அளவில் அச்சிட்ட வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். ஒரு நூலை வளைந்த கரையோடு வைத்து அளந்தால், நேர்கோட்டில் 7 கிலோமீட்டராகத் தெரிந்த வழி எளிதில் 10 கிலோமீட்டராக நீள்வதைக் காணலாம். மூன்று நாள் பயணத்தில் நடு நாளை வேண்டுமென்றே குறுகியதாக வைப்பது என் பரிந்துரை. முதல் நாள் காற்று பிடித்து நிறுத்திவிட்டால் விட்டுப்போன தூரத்தை நடு நாள் ஈடுகட்டும். நிறுத்தாவிட்டால் அது நீந்தவும் மீன் பிடிக்கவும் கிடைத்த பகல். இதற்கும் மேலாக, ஒரு முழு நாளுக்கான உணவும், திரும்பிவரும் தேதியில் ஒரு நாள் இளக்கமும் கையிருப்பில் இருக்க வேண்டும். மறுநாள் காலை வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்ற நெருக்கடியோடு வருகிறவர்கள்தான் இறங்கக் கூடாத காற்றில் இறங்குகிறார்கள்.

எந்தப் படகு

கயாக்கில் தாழ உட்கார்ந்து இருமுனைத் துடுப்பால் வலிக்கிறோம். மேற்பகுதி மூடியிருப்பதால் அலை உள்ளே வருவது குறைவு. காற்றும் அதை அதிகம் பிடிப்பதில்லை. ஆனால் மூட்டைகளைச் சின்னச் சின்னதாகக் கட்டி முன்னும் பின்னும் உள்ள அறைகளின் வாய்க்குள் திணிக்க வேண்டும். கேனோ மேலே திறந்தது. ஒற்றைமுனைத் துடுப்போடு பெரும்பாலும் இருவர் வலிப்பது. பெரிய மூட்டைகளை அப்படியே தூக்கி வைக்கலாம், இரு ஏரிகளுக்கு நடுவே தோளில் சுமந்தும் செல்லலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் நிறையப் பொருள் கொண்டுபோகிறவர்களுக்கும் கேனோ வசதி. திறந்த நீர் அதிகமுள்ள வழிக்குக் கயாக் பாதுகாப்பு. இரண்டும் கலந்த குழுவாகப் போவதில் தவறில்லை, ஆனால் கயாக்குகள் இயல்பாகவே முந்திவிடும் என்பதால் மெதுவான படகுக்கேற்பவே எல்லாரும் செல்வது என்று கரையிலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வாடகைக்கு எடுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பொழுதுபோக்குக்கான குட்டைக் கயாக்குகள் பலவற்றில் நீர்புகாத அறைகள் இருப்பதில்லை. அப்படிப்பட்ட படகு கவிழ்ந்து நீர் நிரம்பிவிட்டால் ஏரியின் நடுவில் அதை வடித்து மீண்டும் ஏறுவது ஏறக்குறைய இயலாத காரியம். பல நாள் பயணத்துக்கு முன்னும் பின்னும் அடைப்புச் சுவர் உள்ள, நாலரை மீட்டர் அளவு நீளமுள்ள கயாக், அல்லது ஏறக்குறைய 5 மீட்டர் நீளமுள்ள கேனோ பொருத்தமானது.

கவிழ்வதைப் பழகுதல்

முன்னோக்கி வலிப்பது, நிறுத்துவது, படகைத் திருப்புவது, பக்கவாட்டில் இழுப்பது ஆகிய நான்கையும் ஒரு பயிற்சியாளரிடம் ஓரிரு நாளில் கற்றுவிடலாம். கேனோவில் பின்னால் அமர்பவர், வலித்த துடுப்பை முடிக்கும்போது வெளிப்பக்கமாகச் சற்றே திருப்பித் தள்ளிப் படகை நேர்வழியில் வைத்திருக்கும் முறையையும் பழக வேண்டும். இல்லையென்றால் நாள் முழுவதும் பாம்புபோல வளைந்து வளைந்து போய் இருமடங்கு களைத்துப்போவார்கள்.

ஆனால் இவற்றைவிட முக்கியமானது, வேண்டுமென்றே கவிழ்ந்து பழகுவது. கரைக்கு அருகே, இடுப்பளவு ஆழத்தில், வெதுவெதுப்பான நீரில், கற்றவர் ஒருவர் பக்கத்தில் நிற்க இதைச் செய்யுங்கள். கயாக்கில் இடுப்பைச் சுற்றி நீர்த்தடுப்புத் துணி மாட்டியிருந்தால், கவிழ்ந்தவுடன் முன்னால் குனிந்து துணியின் நுனியில் உள்ள வளையத்தைப் பிடித்து முன்பக்கமாகவும் மேலாகவும் இழுத்துவிட்டுக் கால்களை உருவிக்கொண்டு வெளியே வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டும் கை அந்த வளையத்தைத் தேடிப் பிடிக்கும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

இரண்டு படகுகள் சேர்ந்து ஒன்றை மீட்கும் முறை கயாக்குக்கும் கேனோவுக்கும் ஏறக்குறைய ஒன்றே. கவிழ்ந்தவர் தம் படகையும் துடுப்பையும் விடாமல் பிடித்திருக்கிறார். உதவும் படகு கவிழ்ந்த படகின் முனைக்கு நேர்குறுக்காக வந்து நிற்கிறது. உதவுபவர் அந்த முனையைத் தூக்கித் தம் படகின் நடுப்பகுதியின்மேல் குப்புற இழுத்து வைத்தால் உள்ளிருக்கும் நீர் வடிகிறது. பின்பு நிமிர்த்தி நீரில் சரியவிட்டு, இரு படகுகளையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து இறுகப் பிடித்துக்கொள்ள, நீரில் இருப்பவர் கால்களை உதைத்து உடலை மேலே தூக்கி, வயிற்றால் ஊர்ந்து ஏறுகிறார். படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இந்தச் செயலை அலையாடும் நீரில் முதன்முறையாகச் செய்து பார்க்கும் நிலைமை யாருக்கும் வரக் கூடாது. சுமை முழுவதையும் ஏற்றி அரைநாள் ஒரு வெள்ளோட்டமும் போய்வாருங்கள். சுமையேறிய படகு திரும்பவும் நிற்கவும் எடுத்துக்கொள்ளும் நேரம் அப்போதுதான் புரியும்.

குளிர்ந்த நீர்

வெயில் காயும் நாளிலும் ஆழமான ஏரியின் நீர் கடுங்குளிராக இருக்கலாம். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற ஆய்வாளர் பரவலாக்கிய ஒன்று–பத்து–ஒன்று என்னும் கணக்கை நினைவில் வைப்பது எளிது. மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு மூச்சுத்திணறலை அடக்கி நிலைக்கு வர ஏறத்தாழ 1 நிமிடம் ஆகிறது. அதன்பின் கைகால்கள் சொன்னபடி கேட்பது ஏறத்தாழ 10 நிமிடம். உடல் வெப்பம் இறங்கி நினைவிழக்க ஏறத்தாழ 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் தலையை நீருக்கு மேலே வைத்திருப்பதும், அடுத்த 10 நிமிடத்துக்குள் படகில் ஏறுவதும்தான் உயிரைக் காக்கிறது. உடலில் மாட்டி, இழுத்துப் பூட்டிய உயிர்காப்பு மேலங்கி இல்லாமல் இவ்விரண்டும் நடக்காது. படகின் மூலையில் கிடக்கும் மேலங்கியை விழுந்த பிறகு அணிந்துகொள்ளலாம் என்று எண்ணுவது வீண், ஏனெனில் அந்த நேரத்தில் விரல்கள் கொக்கியை மாட்டுமளவுக்கு ஒத்துழைக்கமாட்டா. ஆகவே படகு நீரில் இருக்கும்வரை மேலங்கி உடலில் இருக்க வேண்டும், அதில் ஒரு விசில் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

உடையைக் காற்றின் வெப்பத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் நீரின் வெப்பத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் நீச்சல்வீரர்கள் அணியும் ரப்பர் உடை போன்ற காப்புடை தேவை. பருத்தித் துணி நனைந்தால் உடலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; கம்பளியும் செயற்கை இழையும் நனைந்த பிறகும் ஓரளவு காக்கும்.

மூட்டை கட்டுதல்

நீர்புகாப் பைகளே இந்தப் பயணத்தின் அலமாரி. ஒரே பெரிய பையைவிட 10, 20 லிட்டர் அளவில் பல நிறங்களில் பைகள் இருந்தால் எது எதில் இருக்கிறது என்று இருட்டிலும் கண்டுபிடிக்கலாம். பையை வாய்வரை நிரப்பாமல் மேலே ஒரு சாண் அளவு விட்டு, உள்ளிருக்கும் காற்றை முழங்காலால் அழுத்தி வெளியேற்றி, வாயின் இரு விளிம்புகளையும் சுருக்கமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குறைந்தது மூன்று முறை இறுகச் சுருட்டிய பிறகே கொக்கியை மாட்ட வேண்டும். சுருட்டிய மடிப்பில் ஒரு துணி நூல் சிக்கியிருந்தாலும் அந்த வழியாக நீர் கசியும். தூங்கும் பையும் மாற்றுடையும் இரண்டு பைகளுக்குள், ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கட்டும். மற்ற எது நனைந்தாலும் இவை இரண்டும் காய்ந்திருந்தால் அந்த இரவைக் கழித்துவிடலாம்.

கனமானவை படகின் அடியிலும் நடுவிலும், இலேசானவை முனைகளிலும் இருக்க வேண்டும். ஏற்றி முடித்தபின் படகை நீரில் மிதக்கவிட்டுப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நாள் முழுவதும் இடுப்பு வலிக்கும். எதிர்காற்றில் போகும்போது முன்பகுதி சற்றுக் கனமாகவும், பின்காற்றில் பின்பகுதி சற்றுக் கனமாகவும் இருந்தால் படகு வழிமாறாமல் போகும். ஒரு தண்ணீர்க் குடுவையை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்துவதே பெரும்பாலும் போதுமானது. கேனோவில் பைகளை ஒரே கயிற்றில் கோத்து ஒரு முனையைப் படகில் கட்டிவிட்டால், கவிழும்போது அவை வெளியே வந்து மிதக்கும், ஆனால் காற்றோடு போய்விடா.

கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டியவை வரைபடமும் திசைகாட்டியும், குடிநீர், மழையங்கி, நீர் இறைக்கும் குவளை அல்லது பம்பு, 15 மீட்டர் அளவுள்ள மிதக்கும் கயிறு, குழுவுக்கு ஒன்றாவது மாற்றுத் துடுப்பு. கைப்பேசி வழிகாட்டும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அலைவரிசை கிடைக்காத ஏரிகள் பல. அங்கே செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுப்பது அதற்கான செலவுக்கு முற்றிலும் தகும்.

நீரும் உணவும்

குடிக்கவும் சமைக்கவுமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 லிட்டர் நீர் வேண்டும். ஏரி நீரை எடுப்பதானால் கரையை விட்டுத் தள்ளி, தெளிந்த இடத்தில் எடுத்து, கொப்பளித்துக் கொதிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள்; 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் மூன்று நிமிடம். கையடக்க வடிகட்டிகள் பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் பிடிக்கும், ஆனால் பெரும்பாலானவை வைரஸைப் பிடிப்பதில்லை. நீர்மேல் பச்சைச் சாயம் கொட்டியதுபோல நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தால் அந்த நீரை எந்த வகையிலும் பயன்படுத்தாதீர்கள். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. உணவைப் பொறுத்தவரை, வேகமாக வேகும் உலர் உணவுகளை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்துக் கட்டுங்கள், சமைக்காமலே சாப்பிடக்கூடிய ஒரு வேளை உணவை மழை நாளுக்கென்று தனியே வையுங்கள்.

நீரில் ஒரு நாள்

புறப்படுவதற்கு முன், நம்பகமான ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்: யார் யார், எத்தனை படகுகள், அவற்றின் நிறம், எந்த வழி, எந்த இரவு எங்கே, எந்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் எந்த மீட்பு எண்ணை அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். காத்திருப்பு நாளையும் அதில் சேர்த்து எழுதுங்கள். அப்போதுதான் காற்றுக்காகக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும்போது, வீட்டில் இருப்பவர்கள் பதறுவார்களே என்று பதறி நீங்கள் நீரில் இறங்கமாட்டீர்கள்.

பெரும்பாலான ஏரிகளில் விடியற்காலை அமைதியாக இருந்து, வெயில் ஏற ஏறக் காற்று வலுத்து, மாலையில் மீண்டும் தணியும். ஆகவே வெளிச்சம் வந்தவுடன் புறப்பட்டு நண்பகலுக்குள் கரையேறிவிடுவது என்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காற்றைக் கணிக்க நீரையே பாருங்கள். தூரத்தில் நீர் கறுத்து, சொரசொரப்பான ஒரு பட்டை உங்களை நோக்கி நகர்ந்தால் அது வரும் காற்று. அங்கொன்றும் இங்கொன்றுமாக அலை உச்சியில் வெண்ணுரை தோன்றினால் கரையை ஒட்டிப் போக வேண்டும்; எங்கு பார்த்தாலும் வெண்ணுரையாக இருந்தால் காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்று பொருள், புதியவர்கள் கரையேறிவிட வேண்டும். பின்காற்றில் புறப்படும் இடத்தில் கவனமாக இருங்கள். கரையின் மறைவிலிருந்து பார்க்கும்போது அலைகள் சிறிதாகத்தான் தெரியும். பாதித் தூரம் போன பிறகு அவை பெரிதாகியிருக்கும், அதற்குள் திரும்பி வருவது எதிர்காற்றில் வலிப்பதாக ஆகிவிடும்.

திறந்த பரப்பைக் கடக்க நேர்ந்தால் எவ்வளவு நேரம் வெளியே இருப்பீர்கள் என்று முதலில் கணக்கிடுங்கள். 2 கிலோமீட்டர் அகலம் என்றால் அரைமணி நேரம். அந்த அரைமணிக்குள் வானம் மாறுமா என்ற கேள்விக்கு உறுதியாக மாறாது என்று சொல்ல முடியாவிட்டால், சுற்றுவழியே போகலாம். படகுகள் கூப்பிடு தூரத்துக்குள் சேர்ந்தே கடக்க வேண்டும். இடியோசை கேட்டவுடன் அருகிலுள்ள கரையில் இறங்கி, தனித்து நிற்கும் மரங்களை விட்டு விலகி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

இரவுத் தங்கல்

ஏற்கெனவே பயன்பட்ட தங்குமிடம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் கூடாரம் அடியுங்கள். அடிப்பதற்கு முன் அண்ணாந்து பார்த்து, பட்ட கிளைகள் மேலே தொங்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். படகுகளைக் கரையில் நீருக்குக் கையெட்டும் தூரத்தில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நாள் முழுவதும் ஒரே திசையில் வீசும் காற்று பெரிய ஏரிகளில் நீரை ஒரு கரைப்பக்கமாகக் குவித்துவிடும். நீர்த்தேக்கங்களில் மட்டம் தானாகவே ஏறும். வெறும் படகைக் காற்றே புரட்டிக்கொண்டு போய்விடும். நன்றாக மேலே ஏற்றி, கவிழ்த்து வைத்து, மரத்தில் கட்டுங்கள்.

உணவும் பற்பசையும் மணமுள்ள எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. கரடிகள் உள்ள பகுதியில் உணவுப் பையை நிலத்திலிருந்து 4 மீட்டர் உயரத்திலும் மரத்தண்டிலிருந்து 2 மீட்டர் தள்ளியும் தொங்கவிடுவது வழக்கம். சில இடங்களில் உடையாத உணவுப் பெட்டி கட்டாயம். மலம் கழிக்க, நீரிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடுங்கள். பாத்திரங்களை ஏரிக்குள் கழுவாமல், நீரைக் கரைக்கு மேலே எடுத்துச் சென்று கழுவிக் கொட்டுங்கள். எளிதில் மட்கும் என்று விற்கப்படும் சோப்பும் மட்குவதற்கு மண் வேண்டும்.

திரும்பிக் கரையேறியதும் இரண்டு வேலைகள் மீதமிருக்கும். திட்டத்தைக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு உடனே செய்தி சொல்லுங்கள். களைப்பில் இதை மறந்துவிட்டால் தேவையில்லாத தேடுதல் தொடங்கிவிடும். பிறகு படகின் அடியிலும் கயிறுகளிலும் ஒட்டியிருக்கும் பாசியையும் சேற்றையும் அகற்றி, உள்ளே தேங்கிய நீரை அந்த ஏரிக்கரையிலேயே வடித்து, படகை முழுதும் உலரவிடுங்கள். வரிச்சிப்பிகளைப் போன்ற அயல் உயிரினங்கள் ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் பரவுவதற்கு, படகின் மூலையில் மிஞ்சிய சிறிதளவு நீரே போதும்.